முயல் வயிற்றில் விசில்

டீச்சர் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. ஸ்கூட்டரை அணைக்கக்கூட மனசில்லாமல் உறும விட்டபடியே, "மூட்டையைக் குடுத்தா கிளம்பிடுவேன்" என்று தெருவைப் பார்த்துச் சொன்னாள். தெருவில் யாருமில்லை.

வண்டியின் முன்பக்கம் நின்றிருந்த அவள் மகள் சிட்டு மட்டும், "அத்தே! பொம்ம!" என்று இரண்டு கைகளையும் நீட்டியது. இரண்டு வயது இன்னும் முடியவில்லை. சண்டை சச்சரவெல்லாம் அதற்குத் தெரியாது.

பொம்மைக்காரி மூட்டையைக் கொண்டுவந்து வண்டிக் கொக்கியில் மாட்டினாள். "மழை வர்ற மாதிரி இருக்கு. நனையாம பாத்துக்க." டீச்சர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது.

சென்ற வாரம் கதை கேட்க நம்மோடு இருந்தவர்களுக்கு இந்த முறைப்பின் காரணம் தெரியும். புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். டீச்சர் இந்த வீட்டு மகள். குழந்தைகள் காப்பகத்தில் வேலை; அங்கே அதட்டிப் பழகியதால் வீட்டிலும் அவளுக்கு டீச்சர் என்றே பேர். பொம்மைக்காரி இந்த வீட்டு மருமகள், டீச்சருக்கு அண்ணி. வீட்டுக்குள் உட்கார்ந்து குழந்தைகளுக்குத் துணிப் பொம்மை தைக்கிறாள். அவள் புருஷன் கப்பலில் சமையல்காரன். அவன் வீட்டில் இருக்கும் மாதங்களைவிட இல்லாத மாதங்களே அதிகம். இரண்டு பெண்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர் கண்டக்டர். டீச்சருக்கு அப்பா, பொம்மைக்காரிக்கு மாமனார். காலமெல்லாம் பஸ்ஸில் விசில் ஊதி, இன்ஜின் இரைச்சலில் நின்று, காதைப் பறிகொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். இப்போது வலது காதில் ஒரு மெஷின். அது இருந்தால்தான் அவருக்கு உலகம். இடது காது எப்போதோ கைவிட்டுப் போயிற்று.

நேற்று சாயங்காலம் டீச்சர் வந்தபோது, கண்டக்டர் ஹாலில் மடி நிறையப் பஞ்சோடு உட்கார்ந்து கட்டி கட்டியாக இருந்ததைப் பிய்த்து மெத்தென்று ஆக்கிக்கொண்டிருந்தார். அதுதான் அவருடைய அன்றாட வேலை. அதைப் பார்த்ததும் மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கப்பா என்ன உங்களுக்குக் கூலியாளா?"

"அவரா கேட்டு வாங்கிச் செய்யறார். சும்மா ஒக்காந்திருந்தா அவருக்குப் பைத்தியம் பிடிச்சிடும்."

"நான் கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்டுல ராஜா மாதிரி இருப்பார்."

"தாராளமா கூட்டிட்டுப் போ. ஒரே வாரத்துல திரும்பக் கொண்டுவந்து விட்டுட்டுப் போவே."

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பொம்மைக்காரி சொல்லியிருக்க வேண்டாம். ராத்திரி படுத்தபோது அவளுக்கே அது உறுத்தியது. ஆனால் சொன்னது சொன்னதுதான். டீச்சர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போய்விட்டாள். அவர்கள் கத்தியது முழுவதும் கண்டக்டரின் தலைக்கு மேலேயேதான். அவர் ஒரு தடவைகூட நிமிரவில்லை.

இதில் வேடிக்கை, காப்பகத்துப் பொம்மை வேலையைப் பிடித்துக் கொடுத்ததே டீச்சர்தான். மதியம் தூங்கும்போது ஒவ்வொரு குழந்தைக்கும் கட்டிக்கொள்ள ஒரு துணை வேண்டும் என்று காப்பகத்தை நடத்தும் மேடத்திடம் பேசி, "எங்க அண்ணி மாதிரி யாரும் தைக்க முடியாது" என்று பெருமையடித்து வாங்கிக் கொடுத்தவள். அப்போது இருவருக்கும் பேச்சுவார்த்தை இருந்தது. ஒரே ஒரு விஷயத்தில்தான் இடித்துக்கொண்டார்கள்.

"கண்ணுக்குப் பட்டன் வச்சா எவ்வளவு அழகா இருக்கும் அண்ணி!"

"மாட்டேன். குழந்தை பிச்சு வாயில போட்டுக்கும். நூல்லயே கண்ணு போட்டுடறேன்."

பட்டன் கூடாது, மணி கூடாது, கம்பி கூடாது. பொம்மைக்காரியின் பொம்மையில் துணி, நூல், பஞ்சு தவிர வேறு எதுவும் இருக்காது. இதை அவள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, கேட்டவர்களுக்கே மனப்பாடம் ஆகியிருந்தது.

*

காலை முழுவதும் மாமனார் வாயைத் திறக்கவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டாள். இருக்கட்டும், நமக்கும்தான் கோபம் என்று அவளும் பேசவில்லை. தரையில் சிதறிக்கிடந்த நூல் துண்டுகளைப் பெருக்கினாள், துணிகளை நிறம் பிரித்து அடுக்கினாள், தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். மதியம் நெருங்கியபிறகுதான் மனசு கேட்காமல் ஒரு டீ போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

"மாமா, டீ."

அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா! ஆறிடும்!"

ம்ஹும். அவர் முகத்துக்கு நேரே டம்ளரை நீட்டியபோதுதான் திடுக்கிட்டுத் திரும்பினார். அப்போதுதான் அவள் அந்த வலது காதைப் பார்த்தாள். வெறும் காது.

அவள் தையல் மேஜையிலிருந்து சுண்ணாம்புக் கட்டியை எடுத்தாள். மெஷின் கோளாறாகும் நாட்களில் மாமனாரும் மருமகளும் பேசிக்கொள்வது இப்படித்தான்: கறுப்புத் துணியில், துணிக்குக் கோடு போடும் சுண்ணாம்பால். 'மெஷின் எங்கே?' என்று எழுதிக் காட்டினாள்.

"இருக்கும் எங்கயாவது" என்று கண்டக்டர் உரக்கச் சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார்.

தலையணைக்கு அடியில் இல்லை. கண்ணாடிக் கூட்டில் இல்லை. குளியலறை அலமாரியில், சட்டைப் பைகளில், நாற்காலி மெத்தையின் இடுக்கில், எங்கும் இல்லை. அவள் திரும்பி வந்து எழுதினாள். 'எப்போ கழட்டினீங்க?'

"நேத்து. அவ வந்தப்போ."

'ஏன்?'

கண்டக்டர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் என்னைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தீங்க. பஸ்ல ஒரு சீட்டுக்கு ரெண்டு பேர் சண்டை போட்டா, விசிலை அடிச்சு ரெண்டு பேரையும் எறக்கி விட்டுடுவேன். வீட்டுல என்ன பண்றது? காதுல இருக்கறதக் கழட்டிட்டேன்."

பொம்மைக்காரிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஆனாலும் எழுதினாள். 'கழட்டி எங்கே வச்சீங்க?'

அவர் குனிந்து தன் மடியைப் பார்த்தார்.

நேற்று அந்த மடி நிறையப் பஞ்சு இருந்தது.

அவள் கையிலிருந்த சுண்ணாம்புக்கட்டி கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. நேற்று டீச்சர் போனபிறகு நடந்தது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. சண்டைச் சூட்டோடு மாமனார் மடியிலிருந்த பஞ்சை அப்படியே வாரி எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அடைக்க மீதியிருந்த பொம்மைகள் எல்லாம் முயல்கள். தைத்துத் திருப்பி, முதுகில் வாய் திறந்து கிடந்தன. குச்சியால் பஞ்சைக் குத்திக் குத்தி அடைத்தாள். ஒவ்வொரு குத்துக்கும் நாத்தனாரை மனசுக்குள் நாலு வார்த்தை திட்டினாள். வாயைத் தைத்து மூடினாள்.

எப்போதும் மூடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்வாள். பொம்மையைத் தலையிலிருந்து கால்வரை இரண்டு கையாலும் பிசைந்து பார்ப்பாள். பஞ்சில் விதை இருக்கலாம், குச்சித் துண்டு இருக்கலாம், ஊசிகூட இருக்கலாம். விரல் சரி என்று சொன்னால்தான் தைப்பாள். நேற்று பிசையவில்லை. கோபத்தில் மறந்தே போய்விட்டாள்.

மெஷினைக்கூட விட்டுவிடலாம். அதற்குள் இருக்கும் வில்லைதான் ஆபத்து. பட்டன் மாதிரி வட்டமாக, பளபளவென்று ஒரு வில்லை பேட்டரி. ரொம்ப மந்தமான காதுக்கான மெஷின் என்பதால் வில்லையும் கொஞ்சம் பெரிசு. வாங்கிய கடையில் இருந்த பெண் அதைக் கையில் கொடுக்கும்போதே கேட்டாள்: "வீட்டுல சின்னக் குழந்தைங்க இருக்காங்களா? இது மட்டும் அவங்க கையில சிக்கவே கூடாதுங்க. முழுங்கிட்டா தொண்டைக்குள்ள ஒட்டிக்கிட்டுப் பொசுக்கிடும்." அந்த மெஷினின் மூடி வேறு லொடலொடவென்றிருக்கும். கறுப்பு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்திருந்தவள் அவளேதான்.

பட்டன் வைக்க மாட்டேன் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், ஒரு முயலின் வயிற்றில் அதைவிடக் கொடிய பட்டனை வைத்துத் தைத்து, காப்பகத்துக்கு அனுப்பிவிட்டாள்.

*

போனை எடுத்தாள். நாத்தனார் எண்ணைப் போட்டாள். இரண்டு மணி அடித்துக் கட் ஆனது. மறுபடி. மறுபடியும் கட். மூன்றாவது தடவை போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"எடுடீ... ஐயோ, எடுத்துத் தொலையேன்!" என்று போனைப் பார்த்தே கத்தினாள். சண்டை போட்ட அண்ணி வரிசையாகக் கூப்பிட்டால் எந்த நாத்தனார் எடுப்பாள்? காப்பகத்து லேண்ட்லைனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அத்தனை குழந்தைகளின் அழுகைக்கு நடுவே அதை எடுக்க யாருக்குக் கை ஓயும்?

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். கதவைப் பூட்டவில்லை. மதியச் சாப்பாடு முடிந்ததும் குழந்தைகளைத் தூங்க வைப்பார்கள். தூங்கப் போகும் குழந்தை முதலில் என்ன செய்யும்? பொம்மையின் காதை வாயில் வைத்துச் சப்பும்.

பின்னால் திபுதிபுவென்று காலடிச் சத்தம். கண்டக்டர். பனியனோடு, ஒரு கையில் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"நீங்க எதுக்கு மாமா வர்றீங்க!" என்றாள். அவருக்கு எங்கே கேட்கப்போகிறது? அவர் பாட்டுக்கு அவளைத் தாண்டிப் போனார்.

பஸ் நிறுத்தம் தூரத்தில் இருந்தது. பஸ்ஸோ இதோ வந்துகொண்டிருந்தது, நிற்கிற வேகம் அதற்கு இல்லை. கண்டக்டர் நடுரோட்டில் இறங்கினார். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அமுக்கியே பிடித்தான். அது அவர் காதில் விழவில்லை. இரண்டு விரலை வாய்க்குள் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தார் பாருங்கள், அந்த டிரைவரின் கால் மூளையைக் கேட்காமலே பிரேக்கை மிதித்தது.

"பெரியவரே, இங்க ஸ்டாப்பிங் கிடையாது!" என்று இளவட்டக் கண்டக்டர் படியில் நின்று கத்தினான்.

"ரெண்டு டிக்கெட்" என்றார் நம்மவர், ஏறியபடியே. மருமகளைக் கையைப் பிடித்து இழுத்து ஏற்றிவிட்டு, பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினார். பஸ் கிளம்பிவிட்டது.

"தம்பி, கொஞ்சம் வேகமாப் போகச் சொல்லுங்க. ஒரு குழந்தை..." என்று ஆரம்பித்த பொம்மைக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்த இளைஞன் ஒன்றும் கேட்காமல் டிரைவரிடம் போய்க் குனிந்து ஏதோ சொன்னான்.

மாமனார் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப் பட்டனைத் தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தார். "மெஷின் போனாப் போகுதும்மா" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "அதுக்குப் போய் இப்படி அழறியே. வேற வாங்கிக்கலாம்."

அவருக்கு இன்னும் புரியவில்லை. தொலைந்தது மெஷின் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். எழுதிக் காட்ட அவளிடம் சுண்ணாம்பும் இல்லை, துணியும் இல்லை. இருந்திருந்தாலும் எப்படி எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

*

காப்பகத்தின் இரும்புக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. அவள் தட்டிய தட்டில் டீச்சரே ஓடி வந்தாள். அண்ணியையும் அப்பாவையும் பார்த்ததும் அவள் முகம் கடுகடுவென்றாயிற்று.

"இங்கயுமா? குழந்தைங்க இப்பதான் தூங்கறாங்க. மேடம் உள்ள இருக்காங்க. வீட்டுச் சண்டைய வீட்டுலயே வச்சுக்கலாம்."

"சண்டை போட வரலை. கதவைத் திற."

"அப்பாவ வேற இழுத்துக்கிட்டு வந்திருக்கீங்க. எனக்கு வேலை போனாத்தான் உங்களுக்கு நிம்மதியா?"

"முயலுக்குள்ள மாமாவோட மெஷின் இருக்குடீ!"

டீச்சர் கதவருகே நெருங்கி வந்தாள்.

"பஞ்சோட சேர்த்து அடைச்சுட்டேன். நான்தான் அடைச்சேன். பாக்கலை. அதுல வில்லை இருக்கு. யார் கையிலன்னு தெரியல. திற, உன் கால்ல வேணா விழறேன், திற."

டீச்சர் தாழ்ப்பாளைத் தூக்கித் திறந்தாள்.

தூங்கும் அறையில் திரை போட்டிருந்தார்கள். சின்னச் சின்ன மெத்தைகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை, ஒவ்வொரு குழந்தையின் அணைப்பிலும் பொம்மைக்காரியின் கைவேலை ஒன்று. யானை, வாத்து, மீன், முயல். இந்தக் காட்சியை நினைத்து நினைத்துத்தான் அவள் இத்தனை நாள் தைத்தாள். இப்போது அதை நின்று பார்க்க அவளுக்கு நேரமில்லை.

"முயல் மட்டும்" என்று கிசுகிசுத்தாள். "முயல் மட்டும் எடு. பிசைஞ்சு பாரு. கெட்டியா ஏதாவது தட்டுப்படுதான்னு பாரு."

இருவரும் முழங்காலிட்டு, மெத்தைக்கு மெத்தை நகர்ந்தார்கள். தூங்கும் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து முயலை உருவினார்கள். தலை, காது, வயிறு, கால். ஒன்றுமில்லை. அடுத்தது. ஒன்றுமில்லை. ஒரு பையன் விழித்து, கையில் முயல் இல்லாததைப் பார்த்து வீறிட்டான். அவனைத் தொடர்ந்து இன்னொன்று அழ ஆரம்பித்தது. வாசலில் வந்து நின்ற மேடம், "என்ன டீச்சர் இது?" என்றாள். இருவரும் அடுத்த முயலுக்கு நகர்ந்தார்கள்.

கடைசி முயலையும் பிசைந்து கீழே வைத்தாள் பொம்மைக்காரி. "இவ்வளவுதானா? வேற முயல் இல்லையா?"

டீச்சர் எழுந்து நின்றாள்.

"காலைல வண்டில வரும்போதே ஏதோ கிய்யுன்னு சத்தம் கேட்டுது" என்றாள் மெதுவாக. "வண்டிலதான் கோளாறுன்னு நெனச்சேன். இங்க வந்து மூட்டையப் பிரிச்சதும் சிட்டு ஒரு முயலைத் தூக்கிக்கிட்டா. 'மொயலு பாடுதும்மா, மொயலு பாடுது'ன்னு சொல்லிக்கிட்டே பின்னாடி பின்னாடி வந்தா. நான் உங்க மேல இருந்த கடுப்புல, சரி வச்சுக்கோ, என்னைத் தொல்லை பண்ணாதேன்னு..."

மெஷினைச் சுற்றி ஏதாவது அழுத்தினால் அது கிய்யென்று விசிலடிக்கும். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சத்தம்தான். கண்டக்டர் தலையணையில் காதை வைத்துப் படுக்கும்போதெல்லாம் கேட்கும். அந்த வீட்டில் அது கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

"சிட்டு எங்க?"

"பின்னாடி ரூம்ல. தூங்க மாட்டேன்னு படுத்தினா. அங்க வெளையாடிக்கிட்டு..."

ஓடினார்கள்.

சாமான் அறையில், அடுக்கி வைத்த மெத்தைகளுக்கு நடுவே சிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றித் தரையெல்லாம் பஞ்சு. முயல் குப்புறக் கிடந்தது, முதுகுத் தையல் பிரிந்து. நேற்று கோபத்தில் போட்ட தையல்தான் அது; நெருக்கமில்லாமல், தாண்டித் தாண்டிப் போட்டது. மற்ற நாள் தையலென்றால் ஒரு குழந்தையின் பல்லுக்குப் பிரிந்திருக்காது.

"பாட்டு போச்சு" என்றாள் சிட்டு, அம்மாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டு.

பஞ்சுக்குள்ளிருந்து பொம்மைக்காரி அந்த மெஷினை எடுத்தாள். எச்சிலில் ஊறிய கறுப்பு நூல் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. மூடி திறந்திருந்தது. வில்லை இருக்க வேண்டிய குழி காலியாக இருந்தது.

"கண்ணு, வாயைத் தொற. ஆ காட்டு. அம்மாக்கு ஆ காட்டு." டீச்சர் குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். நாக்குக்கு அடியில், கன்னத்துக்குள். ஒன்றுமில்லை. சிட்டு இருமினாள். இருமிவிட்டு, எச்சில் வழிய அழுதாள்.

டீச்சர் தரையில் விழுந்து பஞ்சை அள்ளி அள்ளி உதறினாள். "இங்கதான் இருக்கும். இங்கதான் எங்கயாவது உருண்டிருக்கும். கெடைச்சிடும், கெடைச்சிடும்..." மெத்தைகளை இழுத்துத் தள்ளினாள். அவள் போட்ட சத்தம் பேச்சாகவும் இல்லை, அழுகையாகவும் இல்லை.

பொம்மைக்காரியும் ஒரு கணம் மண்டியிட்டாள். பிறகு குழந்தையின் வாயோரத்தைப் பார்த்தாள். எச்சில் நிற்காமல் ஒழுகிக்கொண்டே இருந்தது. விழுங்க முடியாமல்தான் ஒழுகுகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

"தேடாதே. எழுந்திரு."

"ஒரு நிமிஷம், இதோ இந்தப் பக்கம் மட்டும்..."

"டீச்சர்!" நாத்தனாரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "தேடிக்கிட்டு இருந்தா நேரம் போயிடும். கெடைச்சா மேடம் போன் பண்ணட்டும். நீ குழந்தையத் தூக்கு. தண்ணிகூடக் குடுக்காத. வா!"

"நீங்க போங்க" என்றாள் மேடம், குனிந்து பஞ்சை ஒதுக்கியபடியே. "நான் தேடறேன். மத்த குழந்தைங்களையும் பாத்துக்கறேன். ஓடுங்க!"

*

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நீளப் பெஞ்சு. மேடத்திடமிருந்து ஒரே ஒரு தடவை போன் வந்தது. அறையைத் தலைகீழாகப் புரட்டியும் வில்லை கிடைக்கவில்லை. அந்தச் செய்தி வந்து சேர்ந்தபோது அதற்கு அவசியமே இல்லாமல் போயிருந்தது. எக்ஸ்ரே படம் எடுத்தாகிவிட்டது. டாக்டர், இவர்களைவிட இளையவள், அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் காட்டினாள். சின்னஞ்சிறு மார்பெலும்புகளுக்கு மேலே, தொண்டைக்குக் கொஞ்சம் கீழே, திருத்தமாக ஒரு வெள்ளை வட்டம்.

"உணவுக் குழாயில மாட்டியிருக்கு. உடனே எடுத்தாகணும். எவ்வளவு நேரமா இருக்குன்னு சொல்ல முடியுமா?"

பாட்டு எப்போது நின்றது என்று சிட்டுக்குத்தான் தெரியும்.

குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு போனபிறகு டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்தாள். கையில் அந்த மெஷினை இறுக்கிப் பிடித்திருந்தாள். எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பொம்மைக்காரி தள்ளி நின்றாள். பக்கத்தில் உட்கார அவளுக்குத் தைரியம் இல்லை. திட்டட்டும், செருப்பால்கூட அடிக்கட்டும், இப்படிப் பேசாமல் மட்டும் இருக்க வேண்டாம் என்று நினைத்தாள்.

"நான் பிசைஞ்சு பாத்திருக்கணும்" என்றாள்.

டீச்சர் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று புரியவில்லை. "கொழந்த பாடுதுன்னு சொன்னா. நான் காது குடுத்துக் கேக்கலை" என்றாள். "உங்க போனையும் எடுக்கலை."

கண்டக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் ஓடி வந்தார், குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்பது வரை புரிந்தது, அதற்குமேல் யாரும் அவருக்கு எதுவும் சொல்லவில்லை. மகளின் கையில் இருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு விநாடி மலர்ந்தது.

"கெடைச்சிடுச்சா!"

விரல்களைப் பிரித்து வாங்கிக்கொண்டார். திருப்பிப் பார்த்தார். திறந்து தொங்கிய மூடியைப் பார்த்தார், காலிக் குழியைப் பார்த்தார்.

"வில்லை எங்க?" என்று கேட்டார். வராந்தா முழுவதும் திரும்பிப் பார்த்தது.

நேற்று இவரை யார் வைத்துக்கொள்வது என்று அத்தனை சத்தம் போட்டவர்களுக்கு, இன்று அவருக்குச் சொல்ல ஒரு சொல் கிடைக்கவில்லை.

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். மருமகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு மூடியிருந்த அந்தக் கதவைப் பார்த்தார். முப்பது வருஷம் கூட்டத்தில் முகம் பார்த்தே டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடித்தவர். அவருக்குக் காது வேண்டியிருக்கவில்லை.

"என் வில்லையா?" என்றார். இந்த முறை மெதுவாக. தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று தெரியாத அந்த மனிதர், எப்படியோ மெதுவாகக் கேட்டார்.

டீச்சர் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அவள் தலையைத் தடவினார். தடவிய கையாலேயே மெஷினின் மூடியைச் சாத்தி, எச்சில் நூலைச் சுற்றி, அதைத் தன் வலது காதில் வைத்து அழுத்தினார்.

"அப்பா, அதுல வில்லை இல்லப்பா. கேக்காதுப்பா."

"டாக்டர் வந்து சொல்லுவாங்க" என்றார் அவர். "நேத்துதான் கழட்டி வச்சேன். இன்னிக்கு எனக்குக் கேக்கணும்."

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "குழந்தையோட அம்மா யாரு? டாக்டர் பேசணுமாம்."

டீச்சர் எழுந்திருக்கப் பார்த்தாள். மறுபடி பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். கையை நீட்டி, தள்ளி நின்றவளின் கையைப் பிடித்தாள். நேற்றிலிருந்து அவள் வாயில் வராத சொல் இப்போது வந்தது.

"அண்ணி... என்னால முடியல. நீங்க போய்க் கேளுங்க அண்ணி."

பொம்மைக்காரி அந்தக் கையை விடாமல் அவளையும் தூக்கி நிறுத்தினாள். "ரெண்டு பேரும் போவோம்" என்றாள்.

நர்ஸுக்குப் பின்னால் டாக்டர் வந்து, முகத்திலிருந்த துணியைக் கீழே இறக்கினாள். அவள் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. கண்டக்டர் இருவரையும் முந்திக்கொண்டு போய், வில்லை இல்லாத அந்தக் காதை டாக்டர் பக்கமாகத் திருப்பிக்கொண்டு நின்றார்.